பதிவேட்டு மரங்களின் நிழல்

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் இதை நேரில் பார்த்தவர் அல்ல. செம்பனேந்தலுக்குச் சாலை பிரியும் விலக்கில் தள்ளுவண்டியில் டீக்கடை போட்டிருந்த அல்லாபிச்சையின் மைத்துனர் அவர். அல்லாபிச்சை சொன்னதை அவர் எனக்குச் சொன்னார், அவர் சொன்னதை நான் எழுதுகிறேன். அவர் சொன்னதில் இரண்டு இடங்கள் முன்னுக்குப் பின் முரணாக இருந்தன. ஒன்றைத் திரும்பக் கேட்டுச் சரிசெய்துகொண்டேன். இன்னொன்று ஆடுகளின் எண்ணிக்கை. ஒரு தடவை நூறு என்றார், ஒரு தடவை முந்நூறு என்றார். அதனால் ஆடுகள் என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

செம்பனேந்தல் கண்மாய்க்கு வடக்கே, தார்ச்சாலையை ஒட்டி, முப்பது ஏக்கர் புறம்போக்கில் சீமைக்கருவேலம் அடைந்து கிடந்தது. ஊரில் பாதிப்பேர் அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைத்தார்கள். அந்த இடத்தைத்தான் ஒரு கல்வி மையத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். வளங்குன்றா வளர்ச்சிக்கும் சுற்றுச்சூழல் விழிப்புணர்வுக்குமான கல்வி மையம் என்று வாசலில் பச்சை எழுத்தில் பலகை வைத்தார்கள். அவ்வளவு நீளமான பேரை யார் சொல்வது என்று ஊர் அதை ‘சென்டரு’ என்று கூப்பிட்டது. சென்டர் வந்து ஜேசிபியை விட்டுக் கருவேலத்தை வேரோடு பிடுங்கி, மண்ணைச் சமமாக்கி, நூல் பிடித்தாற்போல் அறுநூற்றுப் பன்னிரண்டு குழிகளை வெட்டியது. ஒவ்வொரு குழிக்கும் ஒரு தகரத்தில் எண் எழுதி நட்டது. வேம்பும் புங்கையும் ஆத்தியும் வாகையும் இலுப்பையும் அங்கே வரும் என்றார்கள்.

அந்தச் சீமையில் மழை புரட்டாசி கடைசியில்தான் எட்டிப் பார்க்கும். ஆனால் சுற்றுச்சூழல் தினம் ஜூன் ஐந்தாம் தேதி, வைகாசி வெயில் பானைத் தண்ணீரைக்கூட வெந்நீராக்கும் காலத்தில் வருகிறது. மழைக்காக நாளை மாற்ற முடியாது, விருந்தினர்கள் அன்றைக்குத்தான் வருவார்கள், ஆகவே அன்றைக்குத்தான் நட்டார்கள். திருச்சுழிப் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் பேருந்தில் வந்து ஆளுக்கொரு கன்றை வைத்து, ஆளுக்கொரு குவளை தண்ணீர் ஊற்றி, புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பத்தாம் நாள் கன்றுகள் சருகாயின. அடுத்த ஜூன் ஐந்தில் அதே குழிகளில் வேறு கன்றுகளை வைத்தார்கள். அவையும் பத்தாம் நாள் சருகாயின.

பதிவேட்டை எழுதியவள் பாண்டிமீனா. சென்டரின் கள அலுவலர்; வரும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவளும் அவளே. செங்கல் சூளையில் கல் அறுக்கும் குடும்பத்திலிருந்து வந்து, அந்த வீட்டில் முதன்முதலாகப் பேனா பிடித்துச் சம்பளம் வாங்கியவள். எழுத்து அச்சடித்தாற்போல் இருக்கும். பதிவேட்டில் குழி எண், மரத்தின் வகை, நட்டவர் பெயர், உயிருடன் உள்ளதா, உயரம் என்று ஐந்து கட்டங்கள். முதல் வருடம் நான்காவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. இயக்குநர் ஞானசிகாமணி கெட்டவர் இல்லை. இந்தப் பிள்ளைகள் மனதில் ஒரு மரமாவது முளைக்காதா என்று உண்மையாகவே ஏங்கியவர். அவர்தான் சொன்னார்:

“குழி இருக்குல்லம்மா? குழியை எண்ணி எழுது. அடுத்த வருசம் நட்டுட்டா எல்லாம் நேராயிரும்.”

அவள் எழுதினாள். உயிருடன் உள்ளது, மூன்று அடி. அடுத்த வருடம் ஆறு, அதற்கடுத்து ஒன்பது, அதற்கும் அடுத்து பன்னிரண்டு. வேலை போய்விட்டால் மறுபடி சூளைதான் என்ற நினைப்பு அவள் கையை நிறுத்தாமல் எழுதவைத்தது.

ஐந்தாம் வருடம் பங்குனியில் ஒரு காலை, ஆடு மேய்க்கும் சோணைமுத்து சென்டர் வாசலில் வந்து நின்று துண்டால் முகத்தைத் துடைத்தான்.

“டீச்சரு, உங்க மரமெல்லாம் நெழலு விட்டுருச்சு.”

“எந்த மரம்ணே?”

“அதைத்தான் நானும் கேக்க வந்தேன். நெழலு கெடக்கு, மரத்தைக் காணோம்.”

அவள் போய்ப் பார்த்தாள். முப்பது ஏக்கர் பொட்டலிலும் வரிசை வரிசையாக நிழல் விழுந்து கிடந்தது. ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு தண்டின் நிழல் புறப்பட்டு, கிளையாகி, இலையாகி மேற்கே சாய்ந்திருந்தது. ஆடுகள் அவற்றில் கால் மடக்கிப் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. வேம்பு என்று எழுதிய இடத்தில் சல்லடை நிழல், புங்கை என்று எழுதிய இடத்தில் கெட்டி நிழல். ஒன்றின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். சூரியன் இருந்தது, ஆனால் கண் கூசவில்லை, உச்சந்தலை குளிர்ந்தது. சோணைமுத்து தன் தொரட்டிக் கம்பால் ஒரு நிழலை அளந்தான். காலை வெயிலில் நிழல் நீளும் கணக்கையும் கழித்துப் பார்த்துவிட்டு, “பன்னெண்டு அடி மரம்” என்றான்.

நானூற்றுப் பதினேழாம் குழிக்கு வந்தபோதுதான் அவளுக்கு முழுதும் விளங்கியது. அந்த ஒரு நிழல் மட்டும் வயல் போலக் கிடந்து, வேலியைத் தாண்டி, தார்ச்சாலையைத் தாண்டி, விலக்கையே மூடியிருந்தது. உள்ளே ஓடிப்போய்ப் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தாள். போன வருடம் கை அசந்து அந்த வரியில் ஒரு சுழியைக் கூடுதலாகப் போட்டிருந்தாள்: வாகை, நூற்றிருபது அடி.

ஊர் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. அல்லாபிச்சை தள்ளுவண்டியை அந்த நூற்றிருபது அடி வாகைக்குள் நிறுத்தி, நிழல் நகர நகர வண்டியையும் நகர்த்தினான். காலை டீ ஓரிடத்தில், மதிய டீ ஓரிடத்தில், மாலை டீ கண்மாய்க்கரைப் பக்கம் என்று ஆகி, கடிகாரம் இல்லாதவர்கள் டீக்கடை நிற்கும் இடத்தைப் பார்த்து மணி சொன்னார்கள். நிழலைத் தெருவாரியாகப் பிரிக்க வேண்டும் என்று முதலில் சிலர் கிளம்பினார்கள். மேலத்தெருவுக்கு இந்த வரிசை, கீழத்தெருவுக்கு அந்த வரிசை என்று கயிறு கட்டினார்கள். ஆனால் காலையில் மேலத்தெருப் பங்கில் கிடந்த நிழல் சாயங்காலம் கயிற்றைத் தாண்டிக் கீழத்தெருப் பங்கில் போய்ப் படுத்தது. நிழலை வைவதா, வெயிலை வைவதா என்று தெரியாமல் மூன்றாம் நாள் கயிற்றை அவிழ்த்து ஆட்டைக் கட்டிக்கொண்டார்கள்.

தூளி கட்டக் கிளை இல்லாத குறை ஒன்றுதான். கரி மூட்டம் போடும் செல்லக்கிளி மூன்று கம்பை முக்காலியாக நட்டு, இருநூற்றுப் பன்னிரண்டாம் புங்கையின் நிழலில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டாள். அதைப் பார்த்து வரிசை முழுக்கத் தூளிகள் வந்தன. காக்கை மட்டும் வந்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, கால் வைக்க இடமில்லாமல் போய்விட்டது. இலையுதிரும் காலத்தில் இலைகளின் நிழல் மட்டும் தரையில் உதிர்ந்து கிடந்தது. பழக்கதோஷத்தில் பெண்கள் அதையும் பெருக்கினார்கள்.

ஞானசிகாமணி வாசலில் நின்று கைகூப்பினார். “நம்ம உழைப்பை மண்ணு ஏத்துக்கிச்சும்மா” என்றார். அன்றிலிருந்து வகுப்புகளை வெளியே நடத்தச் சொன்னார். இல்லாத மரங்களின் கீழே பிள்ளைகளை உட்காரவைத்து, மரம் வளர்ப்பதன் நன்மைகளைப் பாண்டிமீனா விளக்கினாள். புகைப்படத்தில் பிள்ளைகளின் முகம் நிழலில் குளிர்ச்சியாக விழுந்தது.

பிறகு மனுக்கள் வரத் தொடங்கின.

“டீச்சரு, இந்த ஜூனுக்கு எங்க வரிசைக்கு இருவதா எழுதுங்க. வண்டி மாடு நிக்கணும்ல.”

“வேம்பை அடிச்சுட்டு ஆலமரம்னு போடு தாயி. ஒரு எழுத்துதானே, கையா நோகுது?”

“நானூத்திப் பதினேழுக்குப் போட்டாப்ல எனக்கும் ஒரு முட்டை போட்டு விடுக்கா. அல்லாபிச்சை மாமனுக்கு மட்டும் என்ன தனிச் சீரு?”

“ஏய், நான் என்ன சொல்லியா போட்டாக?” என்றான் அல்லாபிச்சை. “அது தானா விழுந்த முட்டை.”

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. எல்லோரும் அவள் பேனாவைப் பார்த்தார்கள். பொய் எழுதிய கையை மேகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

சித்திரையில் ஒரு பள்ளிப் பேருந்து வந்தது. அதிலிருந்து யோகலட்சுமி என்ற பெண் இறங்கினாள். நாலாம் வகுப்பில் எண்பத்தெட்டாம் குழியில் ஆத்தி வைத்தவள், இப்போது எட்டு முடிக்கிறாள். பாண்டிமீனா அவளை எண்பத்தெட்டாம் நிழலுக்குக் கூட்டிப்போனாள். அந்தப் பெண் நிழலின் அடிக்குப் போய் இரண்டு கையாலும் துழாவினாள். கை காற்றில் போய் வந்தது.

“டீச்சர், நான் வச்சது ஒரு வாரத்துலயே காஞ்சிருச்சு. பஸ்ல போறப்பப் பாத்தேன். எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்.” கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: “அப்ப இது யாரு மரம்?”

பாண்டிமீனா அன்றைக்கு வகுப்பு எடுக்கவில்லை. தகரத்தைத் துடைப்பதுபோல எண்பத்தெட்டின் பக்கத்திலேயே வெகுநேரம் குந்தியிருந்தாள். நான்கு வருடமாக அந்தப் பிள்ளைகள் அவள் பொய்யைத் தெரிந்துகொண்டே அவள் சொன்ன பாடத்தை எழுதியிருக்கிறார்கள். இனி அவர்கள் முன்னால் நின்று ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கட்டத்தில் எழுதியது உண்மையாக வேண்டும். வேறு வழி இல்லை.

ஜூன் ஐந்தில் ஊர் கூடி நிற்க, அவள் பதிவேட்டைத் திறக்கவில்லை.

“இந்த மரம் ஒண்ணும் இல்லை. நான் பொய் எழுதினேன். இனி எழுத மாட்டேன்.”

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்தது. “இது எங்களுக்குத் தெரியாதாக்கும்?” என்றான் சோணைமுத்து. “மரந்தான் பொய்யி. நெழலு பொய்யில்லையே?”

“பொய்யின்னா பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும் தாயி,” என்றாள் செல்லக்கிளி, இடுப்புப் பிள்ளையை மாற்றிக்கொண்டே. “வெயிலு நெசம்ல?”

அவள் பேனாவை எடுக்கவில்லை. அந்த வருடம் விருந்தினர்கள் கொண்டுவந்த கன்றுகளைக் குழியில் வைக்கவிடாமல், தண்ணீர்த் தொட்டியடியில் சாக்குப் போட்டு வைத்துத் தினமும் தண்ணீர் தெளித்துக் காப்பாற்றினாள். ஞானசிகாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புரட்டாசிக் கடைசியில் முதல் மழை மண்ணை ஒரு முழம் நனைத்தது. பாண்டிமீனா ஒன்றாம் குழியில் ஒரு புங்கங்கன்றை வைத்தாள். அவள் அலுவலக ஜன்னலுக்கு நிழல் தந்த குழி அது. சுற்றிக் கருவேல முள்ளை அடைத்தாள். கன்று பிழைத்தது. ஆனால் பத்து நாளில் வெளிறிப்போய், கூன் விழுந்து, தலையை வெளியே நீட்டி வெயிலைத் தேடியது. பன்னிரண்டு அடிப் புங்கையின் கெட்டி நிழல் அதன் மேல் கவிந்திருந்தது. அவள் எழுதிய மரம், அவள் நட்ட மரத்தை வளரவிடவில்லை.

அன்றே பதிவேட்டைத் திறந்து, ஸ்கேல் வைத்து, ஒன்றாம் வரியை அடித்தாள். மேலே ‘ஒரு அடி’ என்று எழுதினாள். ஜன்னல் வழியே வெயில் மேசைமேல் வந்து விழுந்தது. வெளியே பெரிய நிழல் இல்லை. கன்றின் காலடியில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு நிழல் இருந்தது.

செய்தி டீ ஆறுவதற்குள் ஊருக்குப் போய், ஊர் திரண்டு வந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

“ஒன்னை நம்பித்தானே கம்பு நட்டுத் தூளி கட்டினோம்?” செல்லக்கிளி பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். “எம்பிள்ளை தலையில வெயிலடிக்க விட்டுட்டு நீ செடி வளக்கப் போறியாக்கும்? அது மரமாகுறப்ப எம்பிள்ளை மீசை முறுக்கிக்கிட்டுத் திரிவான்டி.”

“ஆமாக்கா. அப்ப அவன் உக்கார அது இருக்கும்.”

“இப்ப?”

பாண்டிமீனா பதிவேட்டை எடுத்து அவர்கள் முன்னால் விரித்தாள். “இப்ப இருக்கறது என் பேனா மை. நான் செத்தா, இல்ல என்னைத் தூக்கிட்டு வேற ஆளைப் போட்டா, அவங்க ஒரு கோடு கிழிச்சா எல்லாம் போயிரும். உங்க பிள்ளை தலைக்கு மேல யார் கையெழுத்தோ இருக்கிறது எனக்குப் பயமா இருக்குக்கா. உங்களுக்குப் பயமா இல்லையா?”

சோணைமுத்துதான் தீர்ப்புப்போலச் சொன்னான்: “சென்டரு அனுபவிக்கிற நெழலு நாப்பது இருக்கு. அதை நீங்க என்னமும் பண்ணுங்க. எங்க நெழல்ல கை வச்சீங்க, இந்தப் பக்கம் நாங்க உங்களைக் கால் வைக்க விடமாட்டோம். ஆடும் அப்படித்தான், நாப்பதை விட்டுட்டு மேய்க்கிறேன், நாப்பத்தொண்ணு எனக்குத் தெரியாது.”

நாற்பது. வகுப்பு நடக்கும் இடம், புகைப்படம் எடுக்கும் இடம், சைக்கிள் நிறுத்தும் இடம், இயக்குநரின் கார் நிற்கும் இடம். அவள் ஒவ்வொன்றாக நட்டாள், ஒவ்வொன்றாக அடித்தாள். முப்பத்தொன்பதாம் குழியருகே ஞானசிகாமணி குடையோடு வந்து நின்றார்.

“அது என் காரு நிக்கிற இடம்மா.”

“தெரியும் சார். கொஞ்சம் காரைத் தள்ளிக்கிறீங்களா?”

“அடிச்ச பதிவேட்டை வெளியாளு பாத்தா சென்டரையே மூடிருவாங்க. நீ இதை யோசிச்சியா?”

“தினமும் யோசிக்கிறேன் சார். தூக்கம் வரலை.” அவள் கடப்பாரையை இறக்கவில்லை. “மூடினா மூடட்டும். கட்டடத்தைத்தான் மூட முடியும். செடி வெளியில இருக்கும்.”

அவர் காரை எடுத்து வெயிலில் விட்டார். அதன்பின் பல மாதம் அவளோடு பேசவில்லை. பதிவேட்டையும் அவளிடமிருந்து பிடுங்கவில்லை.

சித்திரை வந்தது. நாற்பதில் ஒன்பது செத்துவிட்டன. செத்தவற்றுக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதினாள். முப்பத்தொன்று முழங்கால் உயரம் நின்றன. அடிகுழாயிலிருந்து இரண்டு குடம் இரண்டு குடமாகத் தூக்கி, சென்டரின் மொட்டை வெயிலில் அவள் நடக்க, எதிரே ஐந்நூற்றுச் சொச்சம் நிழல்களில் ஊர் சாய்ந்து படுத்து வேடிக்கை பார்த்தது. பிள்ளைகளின் வகுப்பையும் அவள் வெயிலிலேயே வைத்தாள், காலை ஏழு மணிக்கு, அரை மணி நேரம். பொய் சொன்னதையும் முப்பத்தொன்று என்ற எண்ணையும் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்குவாள்.

“டீச்சரு, உங்க காட்டுக்குள்ள வழி தெரியலைன்னா கூப்பிடுங்க, வந்து கூட்டியாறேன்!” என்று யாரோ கத்துவார்கள். முப்பத்தொன்று முழங்காலும் காற்றில் ஆடும். அவள் திரும்பிப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போவாள். காது மட்டும் சிவந்திருக்கும்.

ஒருநாள் பாதி வரிசையில் அவளுக்குத் தலை சுற்றியது. குடத்தை இறக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். உட்கார நிழல் இல்லை. அங்கிருந்ததை அவளே அடித்திருந்தாள். எதிர் வரிசையில் செல்லக்கிளி தூளியை ஆட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். பிறகு எழுந்து, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, நிழலை விட்டு வெயிலுக்குள் இறங்கி வந்து, கீழே இருந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

“எத்தனாவது செடியில நிப்பாட்டுன?”

“பதினேழுக்கா.”

“ஊத்துறதுக்கு அளவு இருக்கா, இல்ல என் இஷ்டமா?”

“அரைக் குடம்.”

“சரி. நீ அங்கன நெழல்ல போய் உக்காந்து பிள்ளையை ஆட்டு. முழிச்சான்னா கத்துவான்.”

மீதிப் பதினான்குக்கும் செல்லக்கிளி தண்ணீர் ஊற்றினாள். பாண்டிமீனா இருநூற்றுப் பன்னிரண்டின் நிழலில் உட்கார்ந்து, தான் எழுதிய புங்கையின் கீழே, வேறொருத்தி பிள்ளையை ஆட்டினாள்.

மைத்துனருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்தக் கோடையோடு அல்லாபிச்சை மகள் வீட்டுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்டால், சென்டரு இருக்குதா இல்லையா என்றே தனக்குத் தெரியாது என்றார்.

சென்டர் இருக்கிறது. ஐந்து வருடம் கழித்து நான் போனேன். பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன்; ஏன் என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். ஒன்று முதல் அறுநூற்றுப் பன்னிரண்டு வரை வரி வரியாகப் பார்த்தேன், தப்பாக எண்ணியிருப்பேனோ என்று பயந்து இரண்டாவது முறையும் எண்ணினேன். அடித்த வரிகள், அதாவது நிழலை விட்டுவிட்டு நிஜக் கன்று நட்ட குழிகள், நானூற்று ஆறு. அவற்றில் முதல் நாற்பது கோடுகள் ஸ்கேல் வைத்து நேராகப் போட்டவை. மீதி முந்நூற்று அறுபத்தாறும் அப்படி இல்லை. சில கோணலாக, சில பாதியில் நின்று மறுபடி தொடங்கி, சில வரியை விட்டுக் கீழே இறங்கி, பலவற்றின் ஓரத்தில் கட்டைவிரல் ரேகையோடு இருந்தன. அவை எத்தனை பேருடைய கைகள் என்று என்னால் சொல்ல முடியாது. பாண்டிமீனாவின் கை அல்ல என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.